அந்த அட்டை எதற்கு சார்?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கார்த்திகா என்ற பெண் போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். புள்ளியியல் கணக்குகளுக்கென்றே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். இணையத்தில் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றனவாம்.

"ஆனா ஒண்ணும் உருப்படியா இல்ல மேடம். மொத பாடம் பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி இருக்கு. ரெண்டாவது பாடத்துல எல்லாம் தெரிஞ்சவுகளுக்குச் சொல்ற மாதிரி இருக்கு. நீங்கள்லாம் எதை வச்சு மேடம் கத்துக்கிட்டீங்க?"

எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் காலத்தில் இந்த மொழிக்கு மதுரை முழுக்க இருந்தது ஒரே ஒரு புத்தகம். அதுவும் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. கொட்டிக் கிடக்கும்போது குறை சொல்ல இவளுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. எங்களுக்கு ஒரு புத்தகம், இவளுக்கு ஆயிரம். இரண்டு பேருக்கும் வேண்டிய பக்கம் மட்டும் கிடைக்கவில்லை. அவளிடம் போனில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஒரு விவசாய ஆய்வு நிறுவனத்தில் புள்ளியியல் உதவியாளராகச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இப்போது அதற்கு வேறு பெயர். கல்லூரியில் புள்ளியியல் படித்திருந்தேன். சேர்ந்த புதிதில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிப் பெருக்கும் கணக்கு இயந்திரத்தில் வேலை. சாயங்காலம் திருநகர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் வலது தோள்பட்டை தானாகச் சுற்றுவது போலிருக்கும். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்கள் முக்கியமான வேலை மகசூல் கணக்கு. திருமங்கலத்துக்கு அப்பால் கரிசல் காட்டு ஊர்களில், ஊருக்குச் சில நிலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சதுரம் அளந்து, அதில் விளைந்த சோளத்தை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். எத்தனை கிலோ என்பது எங்களுக்கு வரும். ஊர்வாரியாகச் சராசரி போட்டு, அதிகம் விளைந்த ஊரிலிருந்து குறைவாக விளைந்த ஊர் வரை வரிசைப்படுத்திக் கொடுப்போம். ஒரு நிவாரண அறக்கட்டளை அந்த வரிசையின் அடியில் இருக்கும் ஊர்களை எடுத்து, அங்கே பொதுக் கிணறுகளை வெடி வைத்து ஆழப்படுத்திக் கொடுக்கும். வரிசையில் எந்த இடம் என்பதுதான் ஓர் ஊருக்குத் தண்ணீரா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. இதைச் சும்மா சொல்லவில்லை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்த இடத்தில் பயிர் காய்ந்து அறுக்க வழியே இல்லாமல் போனால் களப்பணியாளர்கள் கிலோ எழுத வேண்டிய கட்டத்தில் 99 என்று எழுதுவார்கள். 'அறுக்கவில்லை' என்பதற்கு அது அடையாளம். அந்தச் சின்னச் சதுரத்தில் நிஜமாகத் தொண்ணூற்று ஒன்பது கிலோ விளையவே விளையாது என்பதால் குழப்பம் வராது என்று இந்தக் கணக்குப் போடும் எல்லா இடங்களிலும் அந்த எண்ணையே வைத்திருந்தார்கள். ஓர் ஊரில் பாதிக்கு மேல் 99 என்றால் அந்த ஊருக்குச் சராசரி போட மாட்டோம். நேரே வரிசையின் அடிக்கு அனுப்பிவிடுவோம். கையால் கணக்குப் போட்ட காலத்தில் இது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தாலே தெரியும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எங்களுக்கு இல்லை. ஊருக்கு மேற்கே ஒரு கல்வி நிறுவனத்தில் வந்தது. வாரம் ஒரு மதியம் எங்களுக்கு ஒதுக்கினார்கள். கட்டளைகளை ஒரு வரிக்கு ஓர் அட்டையாகத் துளை போட்டு, அட்டைகளை ஒரு கட்டாக அடுக்கி, அதன் பின்னால் எண்கள் துளையிட்ட அட்டைகளை அடுக்கி, இயந்திரத்தின் வாயில் கொடுக்க வேண்டும். கட்டளைகள் ஒரு தனி மொழியில் இருக்கும். சராசரி, வரிசை, அட்டவணை என்று புள்ளியியல் வேலைகளுக்கென்றே அமெரிக்காவில் செய்த மொழி. அதன் பெயரைச் சொன்னால் இன்றைக்குச் சிலருக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் அதைச் சரியாக உச்சரிக்கவே ஆளில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் தேவசகாயம் சார் மட்டும் பெங்களூரில் அதற்குப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். வரும்போது இரண்டு பொருள்கள் கொண்டுவந்தார். ஒன்று, செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலக் கையேடு. இன்னொன்று, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அட்டை. மகசூல் மாதிரியான கணக்குக்குப் பயிற்சியில் கொடுத்த தயார்க் கட்டளைகள் அந்தக் கட்டில் இருந்தன. நாங்கள் எண்களை மட்டும் பின்னால் வைத்தால் போதும், 99 மிகுந்த ஊர்களை அடிக்குத் தள்ளி வரிசையே வந்துவிடும். அப்படித்தான் ஆரம்பத்தில் எல்லாம் சுகமாக நடந்தது.

தேவசகாயம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளித் தலைமையாசிரியரின் மகன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, யாரையும் அதட்டியதில்லை. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தெரியாத கேள்விக்கு அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, "அதெல்லாம் ஸ்டாண்டர்டும்மா." இன்னொன்று, "மேனுவல்ல இருக்கும்."

அந்த மேனுவல் அவர் அறையில் பச்சைப் பீரோவில் இருந்தது. அதைப் படிக்க ஒரு முறை உண்டு. முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவிவிட்டு வர வேண்டும். அவர் மேஜைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே படிக்க வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. குறிப்பெடுக்கலாம், ஆனால் பென்சிலால் மட்டும், பேனா மை பக்கத்தில் சிந்திவிடும். நான் படிக்கும்போது அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். நான் பக்கத்தைத் திருப்பினால் ஒரு கண் மட்டும் திறக்கும்.

அப்படியும் படித்தேன். படித்ததில் ஏறியது கொஞ்சம். எழுதிய புண்ணியவான்கள் எல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் பின்னால் ஓர் அத்தியாயத்தைப் பார் என்றிருக்கும். அங்கே போனால் முன்னால் விளக்கியதுபோல என்று ஆரம்பிக்கும். மாசி வீதியில் வழி கேட்டால் ஆவணி மூல வீதிக்கும், அங்கே கேட்டால் திரும்ப மாசி வீதிக்கும் அனுப்புகிற கதைதான். இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளில் எல்லாருக்கும் வயது இருந்தது, வருமானம் இருந்தது, மதிப்பெண் இருந்தது. ஒரு கட்டம்கூட விடுபட்டிருக்காது. அமெரிக்காவில் யாருடைய காட்டிலும் பயிர் கருகாது போலிருக்கிறது.

வேறு புத்தகம் தேடாமல் இல்லை. புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் நான் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"கம்ப்யூட்டர் புக்குதான? இருக்கும்மா" என்று உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்தார். கம்ப்யூட்டர் ஜாதகம் கணிப்பது எப்படி என்று போட்டிருந்தது.

"இது இல்லண்ணே. புள்ளிவிவரம் போடுறது. சராசரி, அட்டவணை, அந்த மாதிரி."

"அப்ப இதப் பாருங்க" என்று டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக் கைடைக் கொடுத்தார். "இதுலயும் அட்டவணையெல்லாம் வரும். ரெண்டுலயும் பொத்தான அமுக்குறதுதான?"

மெட்ராஸில் இருந்த என் அண்ணனுக்கு எழுதினேன். அவன் மவுண்ட் ரோடு முழுக்க அலைந்து ஒரு கனமான புத்தகம் அனுப்பினான். அது ஃபோர்ட்ரான் மொழிக்கானது. முற்றிலும் வேறு மொழி. கடைக்காரர் அவனிடம் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றுதான் சார் என்று சொல்லி விற்றிருக்கிறார். வந்ததை வீணாக்குவானேன் என்று அதை முழுக்கப் படித்தேன். எங்கள் கட்டில் இருந்த ஓர் அட்டையைப் புரிந்துகொள்ளக்கூட அது உதவவில்லை.

பிறகு ஒரு பயிலரங்கு நடப்பதாகச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மூன்று நாள். முதல் நாள் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, மேலும் வாழ்த்துரை. மதியம் மணிச்சட்டத்தில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டரின் வரலாறு. இரண்டாம் நாள் முழுக்க எண்களை ஒன்றும் சுழியுமாக மாற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் மதியம் நிறைவு விழா, சான்றிதழ், குரூப் போட்டோ. நடுவே ஒரே ஒரு மணி நேரம் அந்தப் புள்ளியியல் மொழி. பேராசிரியர் மளமளவென்று கரும்பலகையில் கட்டளைகளை எழுதினார், எல்லாரும் குனிந்து பார்த்து எழுதினோம். எழுதி முடித்துப் பார்த்தால் எங்கள் கட்டில் இருக்கும் அதே அட்டைகள், அதே வரிசை.

நான் எழுந்து, "சார், நாலாவது அட்டை எதற்கு சார்?" என்று கேட்டேன்.

"அது அந்த இடத்துல வரும்மா. அப்படியே வச்சிக்கிருங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரோ ஒருவர் எங்கோ புரிந்து செய்த கட்டு அது. அவரிடமிருந்து ஒருவர் காப்பியடித்து, அவரிடமிருந்து இன்னொருவர் காப்பியடித்து, தெற்கே வந்து சேர்ந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுப் பத்திரிகையைப் பார்த்து அச்சடிப்பது போல. பேரை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும். இதற்குப் பெயர் பயிற்சி.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதை விடமாட்டோம். தராசு, அளவு நாடா, டைப்ரைட்டர், கணக்கு இயந்திரம், பச்சைப் பீரோ எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தேவசகாயம் சார் பூஜையில் சேரமாட்டார், ஆனால் தடுக்கவும் மாட்டார். ஓரமாக நின்று பொரிகடலையை மட்டும் வாங்கிக்கொள்வார். எங்கள் அட்டெண்டர் அண்ணன் பக்திமான். கம்ப்யூட்டர் நம்மிடம் இல்லையே, அதன் ஆயுதமாவது இருக்கிறதே என்று அட்டைக் கட்டை மேஜையில் நிற்க வைத்து, மேல் விளிம்பில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஏதோ சில்லறை வேலைக்கு, மாடுகளின் எண்ணிக்கை என்று நினைவு, கட்டைக் கொண்டுபோய் இயந்திரத்தில் கொடுத்தோம். சந்தனம் காய்ந்து சில அட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இயந்திரம் இரண்டைச் சேர்த்து இழுத்தது, சிக்கியது, கடமுடவென்று சத்தம். அங்கிருந்த ஆபரேட்டர் ஓடிவந்து நிறுத்தினார். பிரித்தெடுத்தபோது ஓர் அட்டை பாதியாகக் கிழிந்து, பாதி சுருண்டு கையில் வந்தது. நாலாவது அட்டை.

"இத மறுபடி பஞ்ச் பண்ணிக் குடுங்க. இதுல என்ன இருந்துச்சு?" என்றார் ஆபரேட்டர்.

அட்டையில் துளைத்த எழுத்துகள் மேல் விளிம்பில் அச்சாகியிருக்கும். அங்கேதான் குங்குமம். நான் தேவசகாயம் சாரைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார்.

"அது இல்லாம ஓட்டிப் பாருங்க" என்றார்.

ஓடியது. பிழை என்று ஒரு வரிகூட வராமல் விடை அச்சாகி வந்தது.

"பாத்தீங்களா? தேவையில்லாத அட்டைதான்" என்றார் சார்.

"எதுக்கு இருந்துச்சு சார் அப்ப?"

"ஸ்டாண்டர்டா வைக்கிறதும்மா."

மறுநாளே மேனுவலைப் பார்க்க அனுமதி கேட்டேன். ஆடிட் வருகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். பழைய அச்சுத்தாள்களில் அந்த வரி இருக்குமே என்று தேடினேன். அகலமான, வழவழப்பான, ஒரு பக்கம் வெறுமையான தாள். எங்கள் அத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளின் பாடநூல்களுக்கும் அட்டை போடப் போய்விட்டது. பயிலரங்கில் எழுதிய குறிப்பு இருந்தது, ஆனால் அந்த வரியில் பாதிக்கு மேல் எனக்கே புரியவில்லை. பேராசிரியர் எழுதிய வேகத்துக்கு நான் கிறுக்கியிருந்தேன். அவருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

மாடுகளை எண்ணுவதில் 99 கிடையாது. அதனால் அட்டை இல்லாதது அப்போது தெரியவில்லை. தை மாதம் சோளம் அறுத்தார்கள். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, பல ஊர்களில் அறுக்கவும் ஒன்றுமில்லை. மாசியில் எங்களுக்கு எண்கள் வந்தன. கட்டை ஓட்டினோம். வரிசை அச்சாகி வந்தது. அடியிலிருந்த ஊர்களை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு அறக்கட்டளைக்கு அனுப்பினார் சார். வரிசையின் தலையில் எந்த ஊர் என்று யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பது எங்கள் வழக்கமே இல்லை.

பங்குனியில் ஒரு முற்பகல். அழுக்கேறிய துண்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் என் மேஜைக்கு வந்தார். அறுபதை நெருங்கும் வயது இருக்கும். அவர் ஊருக்கு மேலக்கரிசல் என்று இங்கே பெயர் வைக்கிறேன், நிஜப் பெயர் அதுவல்ல. சோலைமலை என்று தன் பெயரைச் சொன்னார். அறக்கட்டளை ஆபீசில் விசாரித்தாராம், இங்கே அனுப்பினார்களாம்.

"தாயி, எங்க ஊர்ல இந்த வருசம் எக்கச்சக்கமா வெளைஞ்சிருக்காமே? திருமங்கலம் பக்கமே நாங்கதான் மொதலாம்ல?"

"யார் சொன்னா?"

"அந்த ஆபீஸ்லதான் சொன்னாக. கம்ப்யூட்டரு சொல்லிருச்சாம். அது எங்க வெளைஞ்சு கெடக்குன்னு சொன்னீகன்னா போயி அறுத்துக்கிருவோம். ஊர்ல யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. நான் அச்சுத்தாளை எடுத்து முதல் முறையாக வரிசையின் தலையைப் பார்த்தேன். மேலக்கரிசல் முதலிடம். ஒரு சதுரத்துக்குச் சராசரி எண்பது கிலோவுக்கு மேல். கல்லைக்கூட அப்படி விளைவிக்க முடியாது. அடுத்தடுத்த இடங்களில் இருந்ததெல்லாம் அந்த வருடம் கருகிப்போன ஊர்கள். அடியில், எங்கள் சிவப்பு வட்டத்துக்குள், சுமாராகவாவது விளைந்த ஊர்கள்.

களத்திலிருந்து வந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். மேலக்கரிசலில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் 99. 'அறுக்கவில்லை' என்று மனிதர்கள் எழுதியதை இயந்திரம் தொண்ணூற்று ஒன்பது கிலோ என்று கூட்டியிருக்கிறது. எவ்வளவு கருகியதோ அவ்வளவு விளைச்சல்.

"ஏந்தாயி, தப்பா?" என்றார் சோலைமலை.

"தப்புதான்யா. எங்க தப்பு."

"அது கெடக்கட்டும். கெணத்துல தண்ணி அடியில கெடக்கு, வாளி முங்க மாட்டேங்குது. இம்புட்டு நாளு மாட்டக் காப்பாத்திட்டோம். இனிமே வெடி வைக்க வந்தாகன்னா நிக்கும். இல்லன்னா ஊரே மாட்டச் சந்தைக்குப் பத்திட்டுப் போக வேண்டியதுதான். அத மட்டும் சொல்லுங்க. வருவாகளா, மாட்டாகளா?"

வருவார்கள் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

அச்சுத்தாளோடு தேவசகாயம் சார் அறைக்குள் போனேன். அனுமதி கேட்கவில்லை. முதலிடத்தைக் காட்டினேன், களத்தாள்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த நாலாவது அட்டை சார்."

"ம்."

"மேனுவலைக் கொடுங்க சார்."

ஆடிட் என்று சொல்வார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குச் சண்டை போடத் தயாராக நின்றேன். அவர் எழுந்து பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"உங்க சீட்டுக்கே கொண்டு போங்க. எனக்கு இதுல பாதிக்கு மேல தெரியாதும்மா. பெங்களூர்லயும் யாரும் சொல்லித் தரல. கட்டைக் குடுத்து இதை ஓட்டுங்கன்னாங்க. கேட்டா ட்ரெயினிங் போயிட்டு வந்தவன் இதுகூடத் தெரியலையான்னு கேப்பாங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

அத்தனை வருட எரிச்சலையும் கொட்டத்தான் வந்திருந்தேன். இந்த மனிதரைப் பாவம் என்பதா, இவர் கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

பிற்பகல் முழுக்கத் தேடினேன். பொருளகராதி ஓர் அத்தியாயத்துக்கு அனுப்பியது, அத்தியாயம் இன்னோர் அத்தியாயத்துக்கு. கடைசியில் வேறு எதையோ விளக்கும் ஒரு பத்தியின் நடுவில், அடைப்புக் குறிக்குள், அரை வரி. விடுபட்ட விவரத்துக்கு ஓர் எண்ணை வைத்திருந்தால் அது எந்த எண் என்று இயந்திரத்துக்கு ஓர் அட்டையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதையும் சாதாரண எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். பிழை என்றும் சொல்லாது, எச்சரிக்கவும் செய்யாது. இந்த அரை வரியை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? இன்றைக்கும் அந்தப் புத்தகம் எழுதியவர்களை எங்காவது பார்த்தால் கேட்பேன்.

புதிய அட்டை துளைத்தோம். ஆனால் கம்ப்யூட்டர் மையத்தில் தேர்வு முடிவு வேலை நடக்கிறது, வேறு எதுவும் ஓடாது, வாரங்கள் ஆகும் என்றார்கள். நான் பழைய கைப்பிடி இயந்திரத்தைத் தூசி தட்டினேன். தேவசகாயம் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படிக்க, நான் சுற்றினேன். சரியான வரிசை கிடைத்தது. மேலக்கரிசல் கடைசி.

சார் கடிதத்தைத் தானே டைப் அடித்தார். இயந்திரக் கோளாறு என்று முதலில் அடித்தார். உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, எங்கள் கட்டளைகளில் ஓர் அட்டை விடுபட்டதால் வரிசை தலைகீழானது, பொறுப்பு என்னுடையது என்று அடித்துக் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதை அவருக்குப் பதவி உயர்வு வாங்கித் தரவில்லை.

கடிதத்தையும் கையால் போட்ட வரிசையையும் நானே அறக்கட்டளைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா இது கையால எழுதுனது. அது கம்ப்யூட்டர் லிஸ்ட்டு. கம்ப்யூட்டர் லிஸ்ட்ட கையெழுத்து லிஸ்ட்ட வச்சு எப்படி மாத்துறது? பணம் குடுக்குற வெளிநாட்டுக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"சார், அந்த லிஸ்ட்டுல ஒரு சின்னச் சதுரத்துல எண்பது கிலோ சோளம்னு இருக்கு. நீங்க சோளக்காட்டப் பாத்திருக்கீங்கள்ல?"

"பாத்திருக்கேம்மா. எங்கப்பா சோளம் போட்டவருதான். இருந்தாலும் கம்ப்யூட்டர் லிஸ்ட்டா கொண்டு வாங்க. அன்னைக்கே மாத்திருவோம்."

வெளியே வந்து வெயிலில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். சித்திரை முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் மையத்துக்குப் போய் இடம் கேட்டேன். கடைசியில் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஆபரேட்டர் ஒரு மதியம் நுழைத்துவிட்டார். நாலாவது அட்டையும் சேர்ந்த கட்டு, நாங்கள் கையால் போட்ட அதே வரிசையை, ஓர் ஊர்கூட மாறாமல், அச்சடித்துக் கொடுத்தது. அறக்கட்டளை அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே மாற்றினார். ஆனால் வெடி வைக்கும் ஆட்கள் ஏற்கெனவே பழைய பட்டியலின்படி வேறு ஊர்களில் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். அதை முடித்துவிட்டுத்தான் வருவார்கள் என்றார்.

அந்தக் கோடையில் நான் ஒரு காரியம் செய்தேன். மேனுவல் இப்போது என் மேஜையில் இருந்தது. கட்டில் இருக்கும் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, இது என்ன செய்யும், இதை எடுத்துவிட்டால் என்ன கெடும் என்று தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்து, வந்த தப்பான விடையையும் பக்கத்தில் போட்டேன். விடுபட்ட விவரத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். எடுத்துக்காட்டுக்கு அ ஊர், ஆ ஊர் என்று வைத்துக்கொண்டேன். சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுக்க ஸ்டென்சில் தாளில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் சார் எட்டிப் பார்த்து, "தப்பு விடையையெல்லாம் புக்குல போடுவாங்களாம்மா?" என்றார். போடவேண்டும் சார் என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆடி பிறந்த பிறகு சோலைமலை வந்தார். ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

"வெடி வச்சு எறக்கிட்டாக தாயி. கெணத்துல தண்ணி வந்துருச்சு. நல்ல ஊத்து."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. எழுந்து நின்றுவிட்டேன். உட்காருங்கள், டீ சொல்கிறேன் என்றேன்.

"இருக்கட்டும் தாயி, பஸ்ஸு போயிரும். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "வைகாசியிலேயே எல்லாத்தையும் சந்தைக்குப் பத்திட்டோம். தண்ணி கெடக்கு. குடிக்கத்தான் ஊர்ல ஒரு மாடு இல்ல."

குறையாகச் சொல்லவில்லை அவர். நடந்ததைச் சொன்னார். நான் வாசல்வரை கூடப் போனேன்.

திரும்பி வந்து ஸ்டென்சிலைப் பார்த்தேன். திருத்து மையால் அ ஊர் என்பதை அழித்தேன். காயும்வரை ஊதினேன். அந்த இடத்தில் அந்த ஊரின் நிஜப் பெயரை டைப் அடித்து, சரியான அட்டையோடு வந்த விடைக்குக் கீழே, இந்த அட்டையை வைக்க மறந்தால் இந்த ஊரில் மாடு இருக்காது என்று ஒரு வரி சேர்த்தேன்.